டாகர்லாந்து: வடகடலுக்கு அடியில போன நிலத்தை நீங்களே தேடிப் படிக்க ஒரு முழு வழிகாட்டி

இங்கிலாந்தோட கிழக்கு கரைக்கும் நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் கரைக்கும் நடுவுல இருக்கிற வடகடல், அதாவது நார்த் சீ, இன்னைக்கு கப்பலும் எண்ணெய் கிணறும் காத்தாலையுமா நிறைஞ்சு கிடக்கு. சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னாடி அதோட தெற்கு பாதில பெரும்பகுதி தரை. ஆறு, ஏரி, சதுப்பு, பிர்ச் காடு, அதுல செம்மான், காட்டுப்பன்னி, பீவர், அதையெல்லாம் வேட்டையாடி மீன் பிடிச்சு வாழ்ந்த மனுஷங்க. இந்த நிலத்துக்கு டாகர்லாந்துன்னு 1998ல பேர் வெச்சது எக்ஸெட்டர் யுனிவர்சிட்டியோட தொல்லியல் ஆய்வாளர் பிரயோனி கோல்ஸ், அந்த கடல்ல இருக்கிற டாகர் பேங்க்ங்கிற மேட்டுப்பகுதிய வெச்சு.

இதைப் பத்தி பேசறவங்க நிறைய பேர் "ஒரே சுனாமில அழிஞ்ச நாடு"ன்னு ஒரு வரில முடிச்சிடறாங்க. எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம், ஏன்னா இந்த நிலம் முங்குறதுக்கு பல ஆயிரம் வருஷம் ஆச்சு, அந்த மெதுவான கதையிலதான் விஷயமே இருக்கு, அதோட அது எப்படி கண்டுபிடிக்கப்பட்டுச்சுங்கிறதும் அதுக்கு கொஞ்சமும் குறையாத கதை. மீனவர் வலையில வந்த மண்ணு, எண்ணெய் கம்பெனி டேட்டா, பீச்ல பொறுக்கின எலும்பு, இது மூணும் இல்லன்னா இன்னைக்கு நமக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நல்ல விஷயம் என்னன்னா இதுல பாதிய வீட்ல உக்காந்தே நீங்களும் செஞ்சு பாக்கலாம், அதுக்குத்தான் இந்த வழிகாட்டி.

ஸ்டெப் 1: எந்த காலம்னு முதல்ல தெளிவாகிக்கோங்க

வடகடல் ஒரு தடவை மட்டும் தரையா இருந்துட்டு முங்கலை. ஐஸ் ஏஜ் ஒவ்வொண்ணா வந்து போக வந்து போக, கடல் மட்டம் இறங்கும், தரை வெளிய வரும், ஐஸ் உருகினா திரும்ப முங்கும். பல லட்சம் வருஷத்துல இது திரும்ப திரும்ப நடந்திருக்கு. நடுவுல சுமார் 4,50,000 வருஷத்துக்கு முன்னாடி வடக்குப் பக்கம் ஐஸ் அடைச்சு நின்னதுல தெற்கே ஒரு பெரிய ஏரி தேங்கி, அது வழிஞ்சு இன்னைக்கு டோவர் ஜலசந்தி இருக்கிற சுண்ணாம்பு மேட்டை உடைச்சுக்கிட்டு போயிருக்கு, பிரிட்டன் தீவா மாறினதோட ஆரம்பமே அதுதான்.

அதனால ஒரு பொருளை பாத்தா "இது டாகர்லாந்துலேர்ந்து வந்தது"ன்னு சொல்றது பத்தாது, எந்த டாகர்லாந்துன்னு கேக்கணும். ரொம்ப தோராயமா மூணு அடுக்கா பிரிச்சுக்கலாம். முதல் அடுக்கு நியாண்டர்தால் காலம், அதாவது நம்ம இனத்துக்கு நெருங்கின, இப்ப இல்லாத பழைய மனுஷ இனம் வாழ்ந்த காலம், 40,000 வருஷத்துக்கு முன்னாடியும் அதுக்கு மேலயும். புல்வெளி, மாமத், கம்பளி காண்டாமிருகம், குதிரை, பைசன். ரெண்டாவது, ஐஸ் உச்சத்துல இருந்த காலமும் அது உருக ஆரம்பிச்ச காலமும், சுமார் 20,000லேர்ந்து 11,700 வருஷம் வரைக்கும். உச்சத்துல உலக கடல் மட்டம் இன்னைக்கு விட கிட்டத்தட்ட 120 மீட்டர் கீழ, ரைன் ஆறும் தேம்ஸ் ஆறும் ஒண்ணு சேந்து இன்னைக்கு இங்கிலீஷ் கால்வாய் இருக்கிற பள்ளம் வழியா மேற்கே அட்லாண்டிக் போய் சேந்துச்சு. மூணாவது, 11,700 வருஷத்துக்கு அப்புறம் சூடான காலம், இடைக்கற்காலம்னு சொல்றது, காடு வளந்து மனுஷங்க நல்லா பரவி வாழ்ந்தது இதுலதான். டாகர்லாந்துன்னு பெரும்பாலும் பேசப்படுறது இந்த மூணாவதைத்தான்.

இதை ஏன் முதல் ஸ்டெப்பா வெச்சேன்னா, இன்டர்நெட்ல சுத்துற படத்துல பாதி படத்துல மாமத் கூட்டம், ஓக் காடு, குடிசை எல்லாம் ஒண்ணா இருக்கும். அங்க ஓக் காடு வளந்தப்ப அந்த பக்கம் மாமத் இல்லாம போய் பல ஆயிரம் வருஷம் ஆயிடுச்சு.

ஸ்டெப் 2: கடலை நீங்களே வத்த வெச்சு பாருங்க

இதுக்கு ஒரு பைசா செலவில்ல. எமோட்நெட்னு ஐரோப்பிய கடல் டேட்டா போர்ட்டல் இருக்கு, அதுல பாத்திமெட்ரி பகுதில வடகடலோட ஆழ டேட்டா இலவசமா டவுன்லோட் பண்ணலாம், ஒவ்வொரு கட்டமும் சுமார் 115 மீட்டர் அளவு. ஜெப்கோங்கிற உலக கடல் ஆழ டேட்டாவும் இலவசம்தான், ஆனா கட்டம் சுமார் 450 மீட்டர், முதல் தடவை பழகிப் பாக்க அது போதும். அதைத் திறக்க கியூஜிஐஎஸ் சாஃப்ட்வேர், அதுவும் இலவசம்.

கிழக்கு மேற்கா மைனஸ் 1 டிகிரிலேர்ந்து 8 டிகிரி, தெற்கு வடக்கா 51லேர்ந்து 57 டிகிரி, இந்த பெட்டியை மட்டும் எடுங்க, இல்லன்னா ஃபைல் பெருசாகி லேப்டாப் திணறும். ஜியோடிஃப் ஃபைலை உள்ள இழுத்து போட்டதும் கருப்பு வெள்ளையா தெரியும். ராஸ்டர் மெனுவுல எக்ஸ்ட்ராக்ஷன், அதுல கான்டூர் போய் 10 மீட்டர் இடைவெளி குடுத்தா ஆழக்கோடு எல்லாம் வந்துடும். அப்புறம் ராஸ்டர் கால்குலேட்டர்ல ஆழம் மைனஸ் 20க்கு மேல இருக்கிறதை மட்டும் கேளுங்க, தனி லேயரா சேவ் பண்ணுங்க, அதே மாதிரி மைனஸ் 40, மைனஸ் 60ன்னு ஒவ்வொண்ணா. பச்சை கலர் குடுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஆன் ஆஃப் பண்ணி பாருங்க.

மைனஸ் 20ல ஒரு விஷயம் பளிச்சுனு தெரியும். யார்க்‌ஷயர் கரைலேர்ந்து 100 கிலோமீட்டருக்கு மேல தள்ளி நடுக்கடல்ல ஒரு தீவு எழும்பும், அதுதான் டாகர் பேங்க். மொத்த பேங்க் கிட்டத்தட்ட 17,600 சதுர கிலோமீட்டர், அதோட மேடான பகுதில ஆழம் 15 மீட்டர் பக்கம்தான். மைனஸ் 40க்கு போனா அந்த தீவு தெற்கே விரிஞ்சு தரையோட ஒட்டிக்கும், இங்கிலாந்துலேர்ந்து டென்மார்க் வரைக்கும் நடந்தே போற மாதிரி ஒரு நிலம் வந்து நிக்கும். முதல் தடவை இதை நம்ம கையால செஞ்சு பாக்கறப்ப வர்ற அந்த உணர்வு எத்தனை கட்டுரை படிச்சாலும் வராதுங்க.

ஸ்டெப் 3: அந்த மேப்பை அப்படியே நம்பிடாதீங்க

நிறைய பேர் ஸ்டெப் 2லயே நின்னு மேப்பை ஷேர் பண்ணிடறாங்க. அதுல ரெண்டு பெரிய ஓட்டை இருக்கு.

ஒண்ணு, தரையும் நிலையா நிக்கலை. ஸ்காட்லாந்து மேலயும் ஸ்காண்டிநேவியா மேலயும் பெரிய ஐஸ் பாளம் உக்காந்திருந்துச்சு. ஒரு கனமான ஆள் மெத்தையில உக்காந்தா அவருக்கு கீழ அமுங்கி சுத்தி கொஞ்சம் புடைக்குமே, பூமியோட மேலோடும் அப்படித்தான், ஐஸுக்கு கீழ அமுங்கி, ஐஸுக்கு வெளிய வளையமா எழும்பி நின்னுச்சு. டாகர்லாந்துல கணிசமான பகுதி அந்த எழும்பின வளையத்துல. ஐஸ் உருகினதும் ஸ்காட்லாந்து மேல வந்துச்சு, அந்த வளையம் கீழ இறங்குச்சு. அதாவது கடல் ஏறிக்கிட்டே இருக்கு, தரையும் கூடவே இறங்கிக்கிட்டே இருக்கு. அதனால உலக சராசரி கடல் மட்டத்தை எடுத்து உங்க மேப்ல நேரா போட்டா வருஷக் கணக்கு தப்பா வரும். அந்தந்த இடத்துக்குன்னு கணக்கு பண்ண உள்ளூர் கடல் மட்ட வளைவு ஆய்வு கட்டுரைகள்ல கிடைக்கும், அதைத்தான் எடுக்கணும்.

ரெண்டாவது, இன்னைக்கு கடலடி அப்ப இருந்த தரை கிடையாது. இங்கிலாந்தோட நார்ஃபோக் கரைக்கு எதிர்ல நீளநீளமா மணல் திட்டு தெரியும் பாருங்க, அதெல்லாம் கடல் வந்தப்புறம் ஏத்த வத்த நீரோட்டம் குவிச்சது. சில இடத்துல பழைய தரை பல மீட்டர் மண்ணுக்கு அடியில இருக்கு, சில இடத்துல அலை அரிச்சு சுத்தமா போயிடுச்சு. ஆக உங்க மேப் ஒரு முதல் வரைவு, அவ்ளோதான். அடியில என்ன இருக்குன்னு பாக்க வேற வழி வேணும்.

ஸ்டெப் 4: பீட் மண்ணை படிக்க கத்துக்கோங்க

சதுப்புல செத்த செடி மக்காம அமுங்கி அமுங்கி கருப்பா சேர்ற மண்ணுதான் பீட். டாகர் பேங்க் பக்கம் வலை இழுத்தவங்க வலையில இது கட்டி கட்டியா வரும், அவங்க அதை மூர்லாக்னு சொல்லுவாங்க, எரிச்சலா திரும்ப கடல்லயே தூக்கி போட்டுடுவாங்க. கிளமென்ட் ரீட்ங்கிற நிலவியலாளர் அந்த கட்டிகளை வாங்கி பிரிச்சு பாத்து, உள்ள பிர்ச், வில்லோ, ஹேசல் மாதிரி நன்னீர் பக்கம் வளர்ற மரம் செடியோட மிச்சம் இருக்கிறத காட்டினார். கடலடி காடுகளைப் பத்தி 1913ல அவர் போட்ட புத்தகத்துல, டாகர் பேங்க் வரைக்கும் ஒரு பெரிய சமவெளி இருந்திருக்கணும்னு மேப்பே வரைஞ்சிருக்கார். சத்தம் அனுப்பி கடலடிய பாக்கிற சைஸ்மிக் டேட்டா இல்ல, பழைய பொருளோட வயசு சொல்ற ரேடியோகார்பன் இல்ல, வெறும் விதையும் சுள்ளியும் வெச்சு. அந்த மனுஷனுக்கு கிடைக்க வேண்டிய பேர் இன்னும் கிடைக்கலைன்னுதான் நான் நினைக்கிறேன்.

அடுத்தது 1931. கொலிண்டாங்கிற இழுவைப் படகு, கேப்டன் பில்கிரிம் லாக்வுட். நார்ஃபோக் கரைலேர்ந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி லீமன், ஓவர்னு ரெண்டு மணல் திட்டுக்கு நடுவுல ராத்திரில வலை போட்டிருக்காங்க. வலையோட ஒரு பெரிய பீட் கட்டி வந்துச்சு, அதை உடைக்க மண்வெட்டிய போட்டதும் உள்ள ஏதோ கெட்டியா தட்டுப்பட்டுச்சு, கேப்டன் இரும்புன்னு நினைச்சிருக்கார். எடுத்து துடைச்சு பாத்தா கருப்பா ஒரு ஈட்டி முனை, மான் கொம்புல செஞ்சது, நீளம் 21.6 சென்டிமீட்டர். ஒரு பக்கம் பூரா வரிசையா முள்ளு வெட்டியிருக்கு, குத்தினா உருவிக்கிட்டு வராம இருக்க. அடிப்பக்கம் கோல்ல கட்டறதுக்கு வாட்டமா இருக்கும். அந்த முள்ளை எல்லாம் ஒருத்தர் உக்காந்து கல்லு வெச்சு பொறுமையா அறுத்திருக்கார், அவர் நின்ன தரை இன்னைக்கு 30 மீட்டருக்கு மேல ஆழத்துல இருக்கு. இப்ப அது நார்விச் மியூசியத்தோட பொருள்.

இங்க கவனமா பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ரொம்ப நாள் அந்த முனையும் அந்த பீட்டும் ஒரே காலம்னு நினைச்சாங்க. அப்புறம் ரேடியோகார்பன் பண்ணப்ப முனையோட வயசு சுமார் 13,600 வருஷம்னு வந்துச்சு, அதே பகுதி பீட் அதைவிட பல ஆயிரம் வருஷம் இளசு. ஒண்ணா கிடைச்சதாலயே ஒரே காலத்துதுன்னு முடிவு பண்ணக்கூடாதுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த துறையிலயே இல்ல. கடல்லேர்ந்து எது வந்தாலும், ஒவ்வொரு பொருளுக்கும் தனியா தேதி பாத்தாங்களான்னு கேக்கிற பழக்கத்தை இப்பவே வளத்துக்கோங்க.

பீட் இன்னொரு வகையிலயும் பொக்கிஷம். நிலத்தடி நீர் உயர்ந்தாத்தான் சதுப்பு வரும், கடல் ஏறினா நிலத்தடி நீரும் ஏறும், அதனால ஒரு பீட் அடுக்கு எந்த ஆழத்துல இருக்கு, அதோட வயசு என்னன்னு பாத்தா, அந்த வருஷம் கடல் எங்க இருந்துச்சுன்னு சொல்லிடலாம். 2025ல நேச்சர் இதழ்ல வந்த ஒரு ஆய்வு வடகடல் பீட்டை வெச்சுத்தான், 11,000 வருஷத்துக்கு முன்னாடிலேர்ந்து 3,000 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் கடல் மட்டம் சுமார் 38 மீட்டர் ஏறுச்சுன்னு கணக்கு சொல்லுச்சு. நடுவுல ரெண்டு கட்டத்துல, சுமார் 10,300 வருஷம், சுமார் 8,300 வருஷம் முன்னாடி, வருஷத்துக்கு 8, 9 மில்லிமீட்டர் வேகத்துல ஏறியிருக்கு.

ஸ்டெப் 5: எண்ணெய் தேடின டேட்டால ஆறு தேடினது எப்படின்னு புரிஞ்சுக்கோங்க

எண்ணெய் கம்பெனிக்காரங்க கப்பல்லேர்ந்து காத்தழுத்த துப்பாக்கில பெரிய சத்தம் கிளப்புவாங்க, அது கடலடிக்குள்ள போய் ஒவ்வொரு மண் அடுக்குலயும் பட்டு திரும்பும், பின்னாடி இழுத்துட்டு வர்ற நீள கேபிள்ல இருக்கிற மைக் அதை பிடிக்கும். அவங்களுக்கு வேண்டியது கிலோமீட்டர் கணக்குல ஆழத்துல. மேல இருக்கிற கொஞ்சூண்டு அடுக்கை யாரும் திரும்பி பாக்கலை. பர்மிங்ஹாம் யுனிவர்சிட்டில இருந்த வின்ஸ் காஃப்னியும் அவர் டீமும் அந்த மேல் அடுக்கு போதும் எங்களுக்குன்னு பிஜிஎஸ்ங்கிற சைஸ்மிக் சர்வே கம்பெனிகிட்ட கேட்டாங்க, அவங்களும் குடுத்தாங்க. கடைசில சுமார் 23,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு 3டி டேட்டாலேர்ந்து பழைய நிலத்தோட மேப் வந்துச்சு. இவ்ளோ பெரிய முங்கின நிலத்தை இவ்ளோ விவரமா பாத்தது அதுதான் முதல் தடவை.

அந்த படத்தை தேடிப் பாருங்க. வளைஞ்சு வளைஞ்சு போற ஆறு, கிளை ஆறு வந்து சேர்ற இடம், ஏரி, கழிமுகம், உப்பு சதுப்பு எல்லாம் தெரியும். ஒரு ஆத்துக்கு ஷாட்டன்னு பேர் வெச்சிருக்காங்க, பர்மிங்ஹாம் நிலவியலாளர் ஃபிரெட் ஷாட்டன் நினைவா. அவுட்டர் சில்வர் பிட்னு கடல் மேப்ல இருக்கிற பெரிய பள்ளம் அப்ப ஒரு பெரிய நீர்ப்பரப்பு, இன்னைக்கு கப்பல் மாலுமிக்கு அது வெறும் ஆழமான இடம்.

இந்த படத்தையும் படிக்கிறப்ப ஒரு எச்சரிக்கை, எல்லா கால்வாயும் ஒரே வயசு இல்ல, சைஸ்மிக் வடிவம் சொல்லும், வயசு சொல்லாது. வயசுக்கு துளை போட்டு மண் கோர், அதாவது குழாய்ல அடுக்கு கலையாம வர்ற மண்ணு, எடுக்கணும். 2015ல ஆரம்பிச்ச யூரோப்ஸ் லாஸ்ட் ஃபிரன்டியர்ஸ்ங்கிற புராஜெக்ட் அதைத்தான் பண்ணுச்சு, காஃப்னிதான் தலைமை, அப்ப அவர் பிராட்ஃபோர்ட் யுனிவர்சிட்டி, ஐரோப்பிய ஆராய்ச்சி கவுன்சில் பணம் குடுத்துச்சு. பழைய ஆத்து வழியா பாத்து கோர் எடுத்து, மகரந்தம், நத்தை ஓடு, டயாட்டம்ங்கிற நுண்ணிய பாசி, அதோட மண்ணுலயே ஒட்டியிருக்கிற பழைய டிஎன்ஏ வரைக்கும் பாத்தாங்க, டிஎன்ஏ வேலை வார்விக் யுனிவர்சிட்டில நடந்துச்சு. எலும்பே கிடைக்காம மண்ணுலேர்ந்தே எந்த மரம், எந்த பிராணின்னு சொல்ற அளவுக்கு போயிடுச்சு விஷயம்.

காத்தாலைக்காரங்களும் இப்ப இதுல பெரிய பங்கு. டாகர் பேங்க் மேலயே 3.6 ஜிகாவாட் காத்தாலை கட்டிக்கிட்டு வர்றாங்க, 2023 அக்டோபர்ல முதல் கரன்ட் வந்துச்சு. அஸ்திவாரம் போடறதுக்கு முன்னாடி எடுத்த சர்வே, கோர் எல்லாம் பழைய நிலத்தைப் படிக்கவும் உதவியிருக்கு. அஸ்திவாரம் இறங்கின இடம் திரும்ப கிடைக்காது, அதனால எடுத்த டேட்டாவை கம்பெனிங்க பூட்டி வெக்காம குடுக்கணும்.

ஸ்டெப் 6: எப்படி முங்குச்சுன்னு படிப்படியா வரிசைப்படுத்துங்க

ஒரு பேப்பர்ல கீழ சொல்றதை கோடா வரைஞ்சுக்கோங்க. முதல்ல வடக்கு தாழ்வான பகுதி, ஆத்து வாய், எல்லாம் கழிமுகமா மாறுது. உப்புத்தண்ணி ஆத்து வழியா உள்ள ஏறுது, காடு கருகி சதுப்பாகுது, சதுப்பு சேறாகுது. தெற்கே டோவர் பக்கத்துலேர்ந்தும் கடல் வருது. டாகர் பேங்க் மேடு தனியா பிரிஞ்சு தீவாகுது. அப்புறம் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவுல இருந்த கடைசி தரைத் தொடர்பும் போகுது. ரெண்டு தலைமுறைக்கு உள்ளயே தாத்தா வேட்டையாடின இடம் சேறானதை பேரன் பாத்திருப்பான், அந்த வேகம்.

இப்ப சுனாமிக்கு வருவோம். நார்வே கரைக்கு எதிர்ல ஸ்டோரெக்காங்கிற இடத்துல, சுமார் 8,150 வருஷத்துக்கு முன்னாடி, கடலடி சரிவு ஒண்ணு சரிஞ்சுச்சு, ஆயிரம் கன கிலோமீட்டருக்கும் மேல மண்ணு. எழும்பின அலை ஷெட்லாந்து தீவுல அப்ப இருந்த கடல் மட்டத்துக்கு 20 மீட்டருக்கு மேல ஏறியிருக்கு, ஸ்காட்லாந்து கிழக்கு கரைல பீட்டுக்கு நடுவுல வெள்ளையா ஒரு மணல் அடுக்கா இன்னைக்கும் அதோட தடம் இருக்கு. நார்வேல அந்த மணலுக்குள்ள புதைஞ்ச பாசி இன்னும் பச்சையாவே கிடைச்சுது, அதோட அந்த வருஷ வளர்ச்சி எவ்ளோன்னு பாத்து, அலை வந்தது இலையுதிர் காலம் கடைசிலன்னு சொல்லிட்டாங்க. எட்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு மாசக் கணக்கு! குளிர் ஆரம்பிக்கிற நேரம், குளிர்காலத்துக்கு சேத்து வெச்ச சாப்பாடு, படகு, எல்லாம் கரையோரம் இருந்திருக்கும்.

அந்த அலைதான் டாகர்லாந்தை முடிச்சுச்சுன்னு 2008ல ஒரு ஆய்வு சொல்லுச்சு, அது பரவலா போயிடுச்சு. ஆனா 2020ல, இங்கிலாந்தோட வாஷ் விரிகுடாவுக்கு எதிர்ல எடுத்த ஒரு கோர்ல அலையோட தடம் கிடைச்சப்ப, அந்த கோரை படிச்ச ஆய்வாளர்கள் பாத்தது என்னன்னா, அலை ஆத்துப் பள்ளத்துல உள்ள புகுந்திருக்கு, மேடும் காடும் இருந்த இடத்துல அவ்வளவா போகலை, அலைக்கு அப்புறமும் அங்க நிலம் இருந்திருக்கு. அலை வர்றதுக்கு முன்னாடியே டாகர்லாந்துல பெரும்பகுதி தீவும் சேறுமா சுருங்கியிருந்துச்சு. கரையோரம் இருந்தவங்களுக்கு அது பேரழிவுதான், சந்தேகமே இல்ல. நிலத்தை முடிச்சது வருஷா வருஷம் கடல் ஏறின அந்த 8 மில்லிமீட்டர்.

ஸ்டெப் 7: அங்க இருந்தவங்களை தேடுங்க

தரைல இருக்கிற இடத்துலேர்ந்து ஆரம்பிக்கறது நல்லது. யார்க்‌ஷயர்ல ஸ்டார் கார்னு ஒரு இடம், பழைய ஏரிக்கரை, சுமார் 11,000 வருஷம். ஈரத்துல இருந்ததால மரப்பலகை, முள்ளு வெச்ச ஈட்டி முனை, செம்மான் மண்டை ஓட்டுல ஓட்டை போட்டு தலைல மாட்டிக்கிற மாதிரி செஞ்சது எல்லாம் கிடைச்சிருக்கு. அதே மாதிரி ஜனங்கதான் கிழக்கே சமவெளிலயும் இருந்திருப்பாங்க, சொல்லப்போனா அவங்களுக்கு ஸ்டார் கார்தான் மேட்டுப்பக்க ஓரம்.

கடலுக்கு உள்ளேர்ந்து நேரடியா வந்த சாட்சியும் இருக்கு. ராட்டர்டாம் துறைமுகத்தை விரிவாக்குறப்ப யாங்ட்ஸி டாக் பகுதில, கடல் மட்டத்துக்கு கிட்டத்தட்ட 20 மீட்டர் கீழ, 2011ல ஒரு பழைய ஆத்துமணல் மேட்டுல தோண்டி எடுத்ததுல சிக்கிமுக்கி கல் சில்லும் சுட்ட எலும்பும் கிடைச்சுது. டச்சு பீச்ல முள்ளு வெச்ச எலும்பு முனை நூத்துக்கணக்குல கிடைச்சிருக்கு. அதுல 10 முனைய எடுத்து எந்த எலும்புன்னு புரோட்டீன் வெச்சு பாத்தாங்க, முடிவு 2021ல வந்துச்சு. 8 செம்மான், 2 மனுஷ எலும்பு. சுத்தி வேற எத்தனையோ மிருகம் இருக்கிறப்ப இந்த ரெண்டு மட்டும் எடுத்திருக்காங்கன்னா அது தற்செயல் மாதிரி தெரியலைன்னுதான் ஆய்வாளர்களும் சொல்றாங்க. செத்தவங்களை அவங்க எப்படி நினைச்சாங்கங்கிறதோட ஒரு துளி அதுல இருக்குன்னு எனக்கு தோணுது.

இன்னும் பழைய காலத்துக்கு போனா, நெதர்லாந்தோட ஜீலாந்து கரைக்கு எதிர்ல தூர்வாரின சிப்பி மண்ணுலேர்ந்து 2001ல கிடைச்ச நியாண்டர்தால் மண்டை ஓட்டு துண்டு, க்ரைன்னு பேர் வெச்சிருக்காங்க. 2016ல ஹேக் பக்கத்து பீச்ல கிடைச்ச சுமார் 50,000 வருஷ பழைய கல் சில்லு, அதுல பிடிக்கிற பக்கம் பிர்ச் மரத் தார் இன்னும் ஒட்டியிருக்கு. நியாண்டர்தால்கள் மரப்பட்டைய சுட்டு தார் எடுத்திருக்காங்கங்கிறதுக்கு கையில பிடிக்கிற ஆதாரம்.

ஸ்டெப் 8: இதே கண்ணோட நம்ம பக்க கடலையும் பாருங்க

தமிழ் படிக்கிற எல்லாருக்கும் இந்நேரம் குமரிக்கண்டம் ஞாபகம் வந்திருக்கும், அதனால சொல்லிடறேன். அதே ஜெப்கோ டேட்டாவை எடுத்து பாக் ஜலசந்திக்கு போடுங்க. பாக் விரிகுடா ரொம்ப ஆழம் குறைஞ்சது, ஐஸ் ஏஜ்ல கடல் 120 மீட்டர் இறங்கினப்ப தமிழ்நாடும் இலங்கையும் ஒரே தரை. கன்னியாகுமரிக்கு தெற்கே வெட்ஜ் பேங்க்னு மீன்பிடிக்கிற இடம் இருக்கே, அதுலயும் கணிசமான பகுதி அப்ப கரை. அதைத் தாண்டினா ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழம், 120 மீட்டர் இறக்கத்துல அங்க கண்டம் எதுவும் வெளிய வராது. இருந்த நிலத்தை படிக்கிறதுக்கே நமக்கு பீட், கோர், சைஸ்மிக்னு எவ்ளோ வேலை பாக்கி இருக்கு, அந்த வேலைய ஆசையோட செய்ய நம்ம பசங்க வரணும்.

ஸ்டெப் 9: நேர்ல போறதுன்னா

அந்த பக்கம் வேலைக்கோ படிக்கவோ போயிருக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்க, ஒரு லீவு நாள் போதும்.

நெதர்லாந்துல ஹேக் நகரத்துக்கு தெற்கே சாண்ட்மோட்டார், 2011ல கடலடி மணலை 2 கோடி கன மீட்டருக்கு மேல வாரி கொட்டி உண்டாக்கின பீச். அந்த மணலோட மாமத் எலும்பும் கல் கருவியும் சேந்து வந்திருக்கு. ராட்டர்டாம் மாஸ்விளாக்டே 2 பீச்சும் அப்படித்தான். புயல் அடிச்சு ஓஞ்ச மறுநாள், தண்ணி நல்லா வத்தியிருக்கிற நேரம், சிப்பி குவிஞ்ச வரிசையோரமா குனிஞ்சு நடங்க. கருப்பு அல்லது அடர் பழுப்பு, அளவுக்கு மீறின கனம், உடைஞ்ச பக்கத்துல சல்லடை மாதிரி சின்ன ஓட்டை, இது மூணும் இருந்தா எலும்பா இருக்க வாய்ப்பு அதிகம். மாமத் பல்லு கண்டுபிடிக்கிறது சுலபம், பக்கவாட்டுல தகடு தகடா அடுக்கி வெச்ச மாதிரி இருக்கும், மெல்லுற பக்கம் வரி வரியா.

இங்கிலாந்துல நார்ஃபோக்ல டிட்ச்வெல், யார்க்‌ஷயர் பக்கம் ரெட்கார், ரெண்டு இடத்துலயும் தண்ணி வத்தறப்ப பழைய காட்டோட அடிமரமும் பீட்டும் சில சமயம் வெளிய தெரியும், ரெட்கார்ல 2018 புயலுக்கு அப்புறம் நல்லா தெரிஞ்சுது. மேல மிதிச்சு ஏறாதீங்க, ஒரு துண்டு கூட பிச்சு எடுக்காதீங்க, காத்து பட்டா உடனே காஞ்சு பொடியாகிடும். ஏத்த வத்த நேரத்தை பாக்காம போகவே கூடாது, அங்க தண்ணி திரும்பி வர்ற வேகம் நம்ம மெரினா மாதிரி இல்ல. நார்ஃபோக் மண் கரைச் சுவருக்கு கீழ நிக்காதீங்க, சரியும். பீச்ல துருப்பிடிச்ச உலோகம் எதையும் தொடாதீங்க, ரெண்டாம் உலகப்போர் குண்டு இன்னும் ஒதுங்குது, போலீசுக்கு சொல்லிட்டு தள்ளி நில்லுங்க.

பொருள் பாக்கறதுக்கு மட்டும்னா லைடன் நகரம், ரைக்ஸ்மியூசியம் வான் அவுட்ஹேடன்ல தொல்பொருள், பக்கத்துலயே நேச்சுரலிஸ் மியூசியத்துல பிராணி எலும்பு.

ஸ்டெப் 10: ஏதாவது கையில கிடைச்சா

எடுக்கறதுக்கு முன்னாடி கிடந்த இடத்துலயே ஒரு ஃபோட்டோ, பக்கத்துல ஒரு நாணயமோ ஸ்கேலோ வெச்சு இன்னொண்ணு, ஃபோன்ல லொகேஷனை சேவ் பண்ணிடுங்க. இதை செய்யலைன்னா மீதி எது செஞ்சும் அவ்வளவா பிரயோஜனம் இல்ல. தோண்டாதீங்க, மேல கிடக்கிறத மட்டும். இங்கிலாந்துல சில கரை பாதுகாக்கப்பட்டது, அங்க எடுக்கவே கூடாது, போர்டை படிச்சிட்டு போங்க.

வீட்டுக்கு வந்ததும் எலும்பை வெயில்லயோ ஹீட்டர் மேலயோ வெச்சுடாதீங்க, உள்ள இருக்கிற உப்பு படிகமாகி வெடிச்சு விரிசல் விட்டுடும். நல்ல தண்ணில முழுசா முங்க போடுங்க, ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க, பெரிய துண்டுன்னா இது பல வாரம் இழுக்கும். அப்புறம் நிழல்ல ஈரத்துணில சுத்தி மெதுவா காய விடுங்க. கல் கருவியா இருந்தா பிரஷ் போட்டு தேய்க்காதீங்க, அந்த 50,000 வருஷ கல் சில்லுல தார் ஒட்டியிருந்த மாதிரி உங்க கல்லுல என்ன ஒட்டியிருக்குன்னு யாருக்குத் தெரியும். முள்ளு வெட்டின எலும்பு, வேலைப்பாடு இருக்கிற எதுவும் கிடைச்சா கழுவாம, பசை வார்னிஷ் எதுவும் தடவாம, ஈரத்தோடயே டப்பால போட்டு, இங்கிலாந்துன்னா அந்த ஊர் கவுண்டியோட ஃபைண்ட்ஸ் லியேசன் ஆபீசர், அதாவது இப்படி கிடைக்கிற பொருளை பதிவு பண்றவர்கிட்ட, நெதர்லாந்துன்னா லைடன் மியூசியத்துலயோ அரசு பாரம்பரியத் துறையிலயோ காட்டுங்க. மண்டை ஓடு மாதிரி தெரிஞ்சா முதல்ல போலீஸ், அவங்க பழசுன்னு உறுதி பண்ணினதும் தொல்லியல்காரங்ககிட்ட போகும்.